யார் வீட்டு ஸ்விட்ச்?

பக்கத்து சீட் நண்பர் போன வாரம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்: "ஸார், உங்க வீட்டு ஹால் ஸ்விட்ச்சுக்கு ஸாஃப்ட்வேர் மாத்தினீங்களாமே! போட்டா லைட் எரியப் போவுது, அணைச்சா அணையப் போவுது. இதுல மாத்தறதுக்கு என்ன ஸார் இருக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் மோர்சாதம் தீர்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. ஆகவே இந்த வாரம் இந்தப் பக்கம் அவருக்கு.

முதலில் அந்த ஸ்விட்ச் என்ன ரகம் என்று சொல்லிவிடுகிறேன். சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் ஐடீட் என்று ஒரு கம்பெனி. ஸோனாஃப் என்ற பெயரில் வைஃபை ஸ்விட்ச்சுகள் விற்கிறார்கள். 2021-ல் 'என்.எஸ்.பேனல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கையை விரித்தால் அடங்குகிற சைஸ். மூன்றரை அங்குல டச் ஸ்க்ரீன், 480-க்கு 320 புள்ளிகள். அதை ஒட்டி, அமுக்கினால் நிஜமாகவே 'டக்' என்கிற இரண்டு பொத்தான்கள். உள்ளே இரண்டு ரிலே, ஒரு பஸ்ஸர், அறையின் சூட்டைப் பார்க்க ஒரு சென்சார். இத்தனையையும் கட்டி மேய்ப்பது ஈ.எஸ்.பி. 32 என்கிற சிப். ஷாங்காய்க்காரர்களான எஸ்ப்ரெஸ்ஸிஃப் தயாரிப்பது.

இந்தச் சிப்பின் வேகம் 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர். அப்படியென்றால் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: 1993-ல் பென்டியம் வந்தபோது அதன் வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்குத் தனி ரூம், ஏ.ஸி., வாசலில் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' போர்டு. அதைப்போல மூன்றரை மடங்கு வேகத்தைச் சுவரில் பதித்து, "ட்யூப்லைட்டைப் போடு" என்கிறோம். அதுவும் முகம் சுளிக்காமல் போடுகிறது.

ஆக, இது ஸ்விட்ச் வேஷம் போட்ட கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் உள்ளே ஒரு ப்ரோக்ராம் இருந்தாக வேண்டும். இப்படிச் சாமானுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிற ப்ரோக்ராமுக்குப் பெயர் ஃபர்ம்வேர். 1967-ல் ஆஷர் ஆப்லர் என்பவர் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில் இந்த வார்த்தையை முதலில் போட்டார். அவர் சொன்ன அர்த்தம் கொஞ்சம் வேறு. இன்றைக்கு வாஷிங் மெஷினிலிருந்து டி.வி. ரிமோட் வரை எதற்குள்ளே என்ன எழுதியிருந்தாலும் ஃபர்ம்வேர்தான்.

கடையில் வாங்கும்போதே கம்பெனி எழுதிய ஃபர்ம்வேர் உள்ளே இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல சமயம் பொறாமைகூட உண்டு.

பின்னே ஏன் மாற்றவேண்டும்?

ஸ்மார்ட் ஸ்விட்ச் என்று விற்கிற ஐட்டங்களில் பெரும்பாலானவை எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். நீங்கள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து செல்போனில் 'லைட் ஆன்' என்று தொடுகிறீர்கள. லைட் தலைக்கு மேல் எட்டடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வைஃபை வழியாக வெளியே போய், கடல் தாண்டி, எங்கோ ஒரு தேசத்தில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் "இன்னாருடைய வீடு, இன்ன லைட்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்து உங்கள் சுவரைத் தொடுகிறது. அரை செகண்டுக்குள் முடிந்துவிடுவதால் தெரிவதில்லை. தெரியாமலே இருந்தால் பரவாயில்லை. எங்கள் தெருவில் கால்வாய் தோண்ட வந்தவர்கள் ஃபைபர் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டுப் போன அந்த மூன்று நாட்களில் நன்றாகவே தெரிந்தது.

என் மச்சான் வீட்டில் இன்னும் விசேஷம். அவர் வைத்திருந்தது வேறொரு கம்பெனி, பெயர் வேண்டாம். ஒரு நாள் விடிகாலை பால் பாத்திரமும் கையுமாக இருட்டில் நின்றுகொண்டு போனில் கிச்சன் லைட்டைத் தொட்டால், 'எங்களுடைய புதிய நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்ளவும்' என்று வந்திருக்கிறது. முப்பது பக்கம். சொந்த வீட்டில், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பல்பைப் போட! மனுஷன் படிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார். எதை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது.

திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்குகிறீர்கள். காசு கொடுத்தாயிற்று. கடைக்காரர் பூட்டை மட்டும் கொடுத்துவிட்டு, "சாவி எங்ககிட்டயே இருக்கட்டும் ஸார். எப்ப வேணுமோ ஒரு போன் அடிங்க, தொறந்து விடறோம். இலவச சேவை" என்கிறார். வாங்குவீர்களா? ஸ்விட்ச்சுக்கு மட்டும் தலையாட்டுகிறோம்.

கடைக்காரர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். கடையை மூடிவிட்டால்?

மூடியிருக்கிறார்கள் ஸார். ரிவால்வ் என்று அமெரிக்காவில் ஒரு பெட்டி விற்றார்கள், 300 டாலர். வீட்டு லைட், பூட்டு, எல்லாவற்றையும் அதில் கோத்துக்கொள்ளலாம். கூகுளின் நெஸ்ட் 2014-ல் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15-ம் தேதி சர்வரை அணைத்தது. 300 டாலர் பெட்டி அன்றையிலிருந்து பேப்பர் வெயிட். அடுத்தது இன்ஸ்டியான். 2022 ஏப்ரலில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சர்வர் போய்விட்டது. ஸ்விட்ச்சைக் கையால் போட்டால் எரிந்தது; ஆனால் ஆப் வழியாகச் செய்து வைத்திருந்த ஏற்பாடுகள் அத்தனையும் அம்போ. கடைசியில் அந்த ஸ்விட்ச்சுகளை உபயோகித்தவர்களில் சிலரே சேர்ந்து, காசு போட்டு, அந்தக் கம்பெனியை ஜூனில் வாங்கி மறுபடி ஓட்டினார்கள். லைட் எரிய கம்பெனியையே வாங்கவேண்டி வந்தது! சுவரில் டச் ஸ்க்ரீன் ஸ்விட்ச் என்று சொல்லியே பெயர் வாங்கிய பிரில்லியன்ட் என்ற கலிஃபோர்னியா கம்பெனியும் 2024-ல் பணம் தட்டிப்போய் வேறு கைக்கு மாறியது.

டேபிள் விளக்கு என்றால் தூக்கி வெளியே போடலாம். சுவரைக் கொத்திப் பதித்ததை என்ன செய்வது?

இந்த மாதிரிக் கோபம் புதிதில்லை. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற ப்ரோக்ராமர் வேலை பார்த்த லேபுக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேஸர் பிரிண்டர் கொடுத்தது. நம் ஆபீஸ் பிரிண்டர் மாதிரியே அதிலும் பேப்பர் சிக்கும். பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அவரவர் டெர்மினலுக்குத் தகவல் வருகிற மாதிரி ஸ்டால்மன் ப்ரோக்ராமைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் திருத்த முடியவில்லை. மூல ப்ரோக்ராமைக் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தார், இல்லை என்றுவிட்டார்கள். நாமாக இருந்தால் அட்மினுக்கு ஒரு மெமோ எழுதிவிட்டு காபி சாப்பிடப் போயிருப்போம். அவர் 1983-ல் 'க்னூ' என்று ஒரு இயக்கமே ஆரம்பித்துவிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் சமாசாரங்களுக்கெல்லாம் அதில் ஒரு வேர் இருக்கிறது.

அந்த வேரில் வந்த ஒரு கிளைதான் என் ஸ்விட்ச்சில் இப்போது இருக்கிற டாஸ்மோட்டா. (டாஸ்மேனியாவும் இல்லை, நம் ஊர் நாலெழுத்துக் கடையும் இல்லை.) தியோ ஆரெண்ட்ஸ் என்ற டச்சுக்காரர் ஸோனாஃப் ஸ்விட்ச்சுகளுக்காக எழுத ஆரம்பித்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள், ஸோனாஃபின் முதலெழுத்து, எம்.க்யூ.டி.டி., ஓவர் தி ஏர், எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் டாஸ்மோட்டா. காசு கிடையாது. உலகம் பூரா பல பேர் ஓய்வு நேரத்தில் திருத்துகிறார்கள்.

நடுவில் வந்த எம்.க்யூ.டி.டி. என்பது, கருவிகள் தங்களுக்குள் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிக்கொள்கிற முறை. 1999-ல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உண்டாக்கியது. பாலைவனத்துக் குழாயில் பிரஷர் எவ்வளவு என்று சாட்டிலைட் வழியாகச் சிக்கனமாகக் கேட்பதற்குச் செய்த ஏற்பாடு, இன்றைக்கு எங்கள் வீட்டு பால்கனி லைட் எரிகிறதா என்று கேட்கிறது. கேட்டுப் பதில் வாங்கிக்கொள்கிற இடம், டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட்டுக்கட்டு சைஸில் இருக்கிற ராஸ்பெர்ரி பை. அதில் ஓடுவது ஹோம் அஸிஸ்டென்ட், 2013-ல் பாவ்லஸ் ஸ்கூட்சன் ஆரம்பித்த இன்னொரு ஓப்பன் சோர்ஸ் சமாசாரம். சீட்டு ஹாலை விட்டு வெளியே போவதில்லை.

மாற்றுவது எப்படி? பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயந்தால் போதும்.

பேனல் இரண்டு துண்டாகக் கழலும். பின்பக்கத் துண்டில் ரிலேயும் பவர் சப்ளையும். 230 வோல்ட் வருகிற இடம் அது. முன்பக்கத் துண்டில் ஸ்க்ரீனும் சிப்பும். முன்பக்கத்தை மட்டும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சுவரில் மாட்டியபடியே லேப்டாப்பைச் சொருகலாமா என்று யாராவது கேட்டால் அவர் வீட்டு விலாசத்தை வாங்கி அவர் மனைவிக்கு ஒரு கார்டு எழுதுங்கள். லேப்டாப் போகும், அப்புறம் ஆளும்.

மேஜைக்கு வந்தபின் எல்லாம் 3.3 வோல்ட் விளையாட்டு. யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றுகிற சின்ன அடாப்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். நாலு வயர், போர்டில் அதற்கென்றே உள்ள புள்ளிகளில். ஒரு காலை கிரவுண்டில் பிடித்துக்கொண்டு பவர் கொடுத்தால் சிப் "சரி, என்ன எழுதணுமோ எழுதிக்கோ" என்று வாயைத் திறக்கிறது. முதல் காரியம், உள்ளே இருக்கிற கம்பெனி ஃபர்ம்வேரை அப்படியே 4 மெகாபைட் ஃபைலாக எடுத்துப் பத்திரப்படுத்துவது. வாடகை வீட்டுக்குக் குடி போகிறவர்கள் பழைய ஃபேன் கொக்கியைக் கழற்றாமல் வைத்திருப்பது மாதிரி. அப்புறம்தான் புதியதை ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டு நிமிஷம். கம்பெனி வாரன்டி அந்த நிமிஷத்தோடு சரி. இதை அவர்கள் தடுத்துப் பூட்டி வைக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏற்றிய பிறகு சிப் தன் பெயரில் ஒரு வைஃபையைப் பரப்பிக்கொண்டு காத்திருக்கும். போனில் அதைப் பிடித்து, வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைச் சொன்னால் சேர்ந்துகொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இதற்குக் காது கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸில் கத்தினால் திரும்பிப் பார்க்காது.

சுவர் வேலைக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். பேனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா ஸார், டி.வி.யா, ஸ்விட்ச்சா?"

"ரெண்டும்."

"ரெண்டு லைட்டுக்கு எதுக்கு ஸார் டி.வி.?"

இந்தக் கேள்வியை உலகமே கேட்கிறது. நான் டெஸ்டரை எடுத்து நீட்டினேன்.

அவர் சொன்ன ஒரு விஷயம் உபயோகமானது. இந்த மாதிரிப் பேனல் சதா உயிரோடு இருக்கவேண்டும் என்பதால் இதற்கு பேஸ் மட்டும் போதாது, நியூட்ரலும் வேண்டும். பல வெளிநாட்டு வீடுகளில் ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரலே வராதாம். அங்கே இது பெரிய தலைவலி. நம் ஊரில் ஸ்விட்ச் போர்டிலேயே ஒரு ப்ளக் பாயிண்டும் வைத்துத் தொலைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதனால் நியூட்ரல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் பெட்டி அளவு வேறு. பேனல் சீனாவின் 86 மில்லிமீட்டர் பெட்டிக்கும் ஐரோப்பாவின் வட்டப் பெட்டிக்கும் செய்தது. கொத்து, சிமென்ட், தூசி, ஒன்றரை நாள். தூசியைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுத இடமில்லை.

ரிலே ஒன்றுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். ட்யூப்லைட், எல்.ஈ.டி., அவ்வளவுதான். கீஸரையும் ஏ.ஸி.யையும் இதில் கோக்கச் சொல்கிற அதிபுத்திசாலிகள் பக்கம் போகாதீர்கள். ஃபேனைப் போடலாம், அணைக்கலாம். வேகம் கூட்டிக் குறைக்க முடியாது. எங்கள் ஹாலில் 240 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே பழைய ரெகுலேட்டர் அசையாமல் இருக்கிறது.

இனிமேல்தான் ருசியான பகுதி.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தமிழ் நாவல்கள் நூற்றுக்கணக்கில் படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பழைய போர்டில் எது எந்த லைட் என்று இடம் வைத்துத் தெரியும். ஸ்க்ரீனில் கட்டம் கட்டமாக இங்கிலீஷில் இருந்தால்? முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஏண்டா, என் வீட்டிலயே என்னைக் கைநாட்டா ஆக்கிட்டியே!"

தமிழில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கேதான் ஒரு உண்மை தெரியும். ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் போவது ஈ.எஸ்.பி. சிப்புக்குள் மட்டும். ஸ்க்ரீனுக்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது; நெக்ஸ்டியான் இனத்தைச் சேர்ந்தது. அது திறந்த புத்தகம் இல்லை. அதற்கான பக்கங்களை வரைய நெக்ஸ்டியான் எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும், உள்ளே என்ன என்று பார்க்க முடியாது. ஆக, நான் வாங்கிய சுதந்திரம் கண்ணாடிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிடுகிறது.

இந்த ஸ்க்ரீன் மூளைக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. எழுத்தை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கத்தான் தெரியும். 'மொட்டை மாடி' என்று கொடுத்தால் கொம்பு 'ம'வுக்கு முன்னால் போய் நிற்கவேண்டாமா? நிற்காது. எல்லாம் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். லேன்பான் எல்8 மாதிரி வேறு டச் ஸ்விட்ச்சுகளில் ஓப்பன்ஹாஸ்ப் என்ற ஃபர்ம்வேர் போட்டால் ஸ்க்ரீன் வரை எல்லாமே ஓப்பன் சோர்ஸ், எல்.வி.ஜி.எல். என்ற ஹங்கேரிச் சரக்கு வரைகிறது. ஆனால் அதுவும் அரபியைக் கோக்கும், தமிழைக் கோக்காது.

வழி ரொம்பச் சுலபம். எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பிவிட வேண்டியதுதான். 'ஹால்', 'பால்கனி', 'மொட்டை மாடி', 'பூஜை ரூம்' எல்லாவற்றையும் பையன் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் அடித்துப் படமாக்கிக் கொடுத்தான். அதை ஸ்க்ரீனுக்குள் ஏற்ற, ஈ.எஸ்.பி. வழியாக சீரியலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். பத்து நிமிஷம்கூட ஆகும். குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டுகிற பொறுமை வேண்டும்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். 'பூஜை ரூம்' மேல் விரலை வைத்தாள். லைட் எரிந்தது. உடனே இன்னொரு தடவை வைத்தாள். அணைந்தது.

"ஏன்மா அணைச்சே?"

"சத்தமே வரலையேடா. போட்டேனா இல்லையானு எப்படித் தெரியும்?"

எண்பது வயதை நெருங்குகிற விரலுக்கு 'டக்'தான் ரசீது. உள்ளே பஸ்ஸர் இருக்கிறதே! தொட்டவுடன் ஒரு சின்ன 'பிப்' கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். பிறகு இரண்டாம் தடவை தொடுவதில்லை. இந்த ஒரு வரிக்காக நான் ஷென்ஜென்னுக்கு மனு எழுதிப் போட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ருசி கண்டுவிட்டாள். அடுத்த வாரம், "ராகு காலம் போட முடியுமா?" என்றாள். முடியும். கிழமைக்கு ஒரு ஒன்றரை மணி நேரம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை. ஏழே வரி. கடிகாரத்துக்குக் கீழே சின்னதாக வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்பது வேறு விஷயம். ஸ்விட்ச் என் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டா லைட் போடுகிறது?

இனி இதைச் செய்ய நினைக்கிற இளைஞர்களுக்கு, ஆர்வக்கோளாறில் கைவைக்கக்கூடாத ஒரு இடம். பேனலின் இரண்டு பொத்தான்களையும் ரிலேயிலிருந்து பிரித்து, வேறு ஏதாவது செய்ய வைக்கலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு லைட் அணைந்து பாட்டு வருகிற மாதிரி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்போது பொத்தான் 'அமுக்கினார்கள்' என்று ராஸ்பெர்ரி பைக்குச் சீட்டு அனுப்பி, அது யோசித்துத் திருப்பிச் சொன்னால்தான் எரியும். கரண்ட் போய் வந்தால் பேனல் சில செகண்டில் தயாராகிவிடும். பை எழுந்து பல் தேய்த்து வர ஒன்றிரண்டு நிமிஷம். திடீர் பவர் கட்டில் அதன் மெமரி கார்டே கெட்டுப்போனதும் உண்டு, பல பேர் வீட்டில். ஷென்ஜென்னிலிருந்த சர்வரை எடுத்து டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்ததுதான் மிச்சம் என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் பொத்தான் பொத்தான்தான். வைஃபை செத்தாலும், பை செத்தாலும், ஸ்க்ரீன் செத்தாலும் அமுக்கினால் ரிலே அடிக்கும்.

கரண்ட் திரும்பி வரும்போது எந்த நிலையில் எழுந்திருக்கவேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் போகும்போது எப்படி இருந்ததோ அப்படி. இரவு பத்து மணிக்கு லைட் எரியும்போது போன கரண்ட், எல்லாரும் தூங்கின பிறகு மூன்று மணிக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் 'அணைந்த நிலை' என்று வைத்திருக்கிறேன்.

செலவும் உண்டு. சாதாரண ஸ்விட்ச் சும்மா இருக்கும்போது கரண்ட் சாப்பிடாது. இது தூங்கும்போதும் கொஞ்சம் சாப்பிடும். ஈ.பி. பில்லில் தெரிகிற அளவு இல்லை. ஆனால் 'மின்சாரம் மிச்சம்' என்று இதை விற்கிறவர்களிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

எல்லாம் முடிந்து நான் ஒரு வாரம் பெருமையாக இருந்தேன். ஒரு ராத்திரி மனைவி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீங்க டூர்ல இருக்கறப்ப இது கெட்டுப்போனா யாரைக் கூப்பிடறது?"

"என்னை."

"போன் கிடைக்கலைன்னா?"

நான் பதில் சொல்வதற்குள், "டூர்னு மட்டும் சொல்லலை" என்று சேர்த்துவிட்டுக் கிச்சனுக்குப் போய்விட்டாள்.

என் வயதில் இரண்டு பேர் எங்கள் ஆபீஸில் இந்த வருஷம் போட்டோவாகிவிட்டார்கள். அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. கடை மூடினால் என்ன ஆகும் என்று நான் இத்தனை பக்கம் கம்பெனிகளைக் கேட்டேனே, அதே கேள்வி. இந்த வீட்டில் இப்போது கடைக்காரன் நான்.

தட்டிக் கழிக்கிற கேள்வி இல்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா இதற்கென்று உட்கார்ந்தேன். பழைய ஸ்விட்ச்சுகள் நாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலில், பரண் மேல். வயர்களை எலக்ட்ரீஷியன் குட்டையாக வெட்டவில்லை. யார் வந்தாலும் அரை மணியில் பழையபடி மாட்டிவிடலாம். கம்பெனி ஃபர்ம்வேர், புதிய ஃபர்ம்வேர், அம்மாவின் தமிழ்ப் படங்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில். பிறகு ஒரு முழு வெள்ளைத்தாளில், தமிழில், கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல்: எந்த எம்.சி.பி.யை இறக்கினால் இந்தப் போர்டு மட்டும் செத்துப்போகும், எலக்ட்ரீஷியன் நம்பர் என்ன, அவரிடம் என்ன சொல்லவேண்டும். தாளை ஈ.பி. கார்டு வைத்திருக்கிற கவருக்குள் போட்டேன். அதைத்தான் இந்த வீட்டில் யாரும் தொலைக்க மாட்டார்கள்.

எழுதினால் போதாது என்று ஒத்திகையும் பார்த்தோம். பையன் கையில் தாள். நான் பேசக்கூடாது என்று தடை. ரவுட்டரையும் பையையும் ப்ளக்கிலிருந்து பிடுங்கினான். ஸ்க்ரீனில் பாதிக் கட்டங்கள் அசையவில்லை. அம்மா குளித்துவிட்டு வந்தாள், வழக்கம்போல் பொத்தானை அமுக்கினாள், லைட் எரிந்தது, விபூதி எடுக்கப் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

மனைவி தாளை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பென்டிரைவ் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இந்த வீட்டுல ஒன்பது பென்டிரைவ் இருக்கு. இது எது?" என்றாள்.

சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே 'ஹால் ஸ்விட்ச்' என்று எழுதி, கவருக்குள் போட்டாகிவிட்டது.